தண்ணீர் ராக்கெட்டை வீட்டிலேயே செய்வது எப்படி? பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். உங்கள் வீட்டு ராக்கெட்டுக்குச் சைக்கிள்கூட வேண்டாம், அதற்குக் காற்றடிக்கும் பம்ப் போதும்.

காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில், அதன் வாயில் இறுக்கமாக உட்காரும் ரப்பர் கார்க், ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசி, இவ்வளவுதான். நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை ஊசியைக் கார்க்கின் நடுவே குத்துங்கள் (இது பெரியவர்கள் வேலை). கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கார்க்கால் அடைத்து, பாட்டிலைச் செங்கற்களுக்கு நடுவே தலைகீழாக நிறுத்திப் பம்ப் அடியுங்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் கார்க் தாங்காது. தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி.

எவ்வளவு தண்ணீர்? மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் வழக்கமான பதில். ஆனா அதைப் பசங்ககிட்ட முதலிலேயே சொல்லிடாதீங்க. அவர்களே ஊகிக்கட்டும். "நிறைய ஊத்தினா நிறைய உயரம் போகும்" என்றால், முக்கால் பாட்டில் ஊற்றி விட்டுப் பாருங்கள். எடை கூடிவிடும், தள்ளுவதற்கான காற்றுக்கு இடம் இருக்காது. தண்ணீரே இல்லாமலும் விட்டுப் பாருங்கள். காற்று மட்டும் வெளியேறினால் அது ரொம்ப லேசு, உந்துதல் குறைவு. விடை நடுவில் எங்கேயோ இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

உயரத்தை அளக்க மொபைல் ஸ்டாப்வாட்ச் போதும். கிளம்பியதிலிருந்து தரையைத் தொடும்வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1.2-ஆல் பெருக்கினால் தோராயமான உயரம் மீட்டரில் வரும். 3 விநாடி என்றால் சுமார் 11 மீட்டர். ஒவ்வொரு அளவையும் மூன்று முறை விடுங்கள், ஒரே முறையை நம்பினால் காற்று ஏமாற்றிவிடும். முக்கியமாக, கார்க்கில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதுவரை மட்டும் அழுத்துங்கள். ஒருமுறை இறுக்கமாகவும் இன்னொருமுறை தளர்வாகவும் அடைத்தால், வித்தியாசம் தண்ணீரால் வந்ததா கார்க்கால் வந்ததா என்றே தெரியாது.

பாட்டில் விஷயத்தில் சமரசம் வேண்டாம். சோடா, கோலா போன்ற கேஸ் நிரப்பிய பானங்களின் பிளாஸ்டிக் பாட்டில்தான் அழுத்தத்தைத் தாங்கும். மெல்லிய குடிநீர் பாட்டில் வேண்டாம், கண்ணாடி கூடவே கூடாது. கீறல் விழுந்ததையும் வெயிலில் கிடந்ததையும் தூக்கிப் போடுங்கள். மொட்டை மாடி சரிப்படாது, மின்கம்பி இல்லாத மைதானத்துக்குப் போங்கள். குழந்தைகள் 5 மீட்டராவது தள்ளி நிற்கட்டும். பம்ப் அடிப்பவர் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிடலாம். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

எவ்வளவு அடித்தும் கிளம்பவில்லையா? குனிந்து பார்க்காதீர்கள். பம்ப் பக்கத்தில் குழாயைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம் கிட்டே போங்கள்.