உறை நீங்கிய இருதயம்

இருதயத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையானது க்ஷயரோகத்தாலோ வேறு அழற்சியாலோ தடித்து, சில வேளை சுண்ணாம்பும் படிந்து, உள்ளேயிருக்கும் தசையை விரியவொட்டாமல் நெருக்கும்போது, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, கழுத்து ரத்தக் குழாய்கள் புடைத்து, நோயாளி ஈரல் கெட்டவரைப் போலவே காணப்படுவார். 1896இல் ஃப்ரீடல் பிக் இதனை ஈரல் சுருக்கத்தின் போலித் தோற்றம் என்றே வர்ணித்தார். உறையை அகற்றினால் இருதயம் விடுபடும் என்று பிரான்ஸில் வைல் 1895இலும் டெலோர்ம் 1898இலும் யோசனை கூறியிருந்தும், அதைச் செய்து பார்க்கும் துணிவு 1913இல்தான் ஜெர்மானியரான ரேன், ஸௌவர்ப்ருக் ஆகிய இருவருக்கும் வாய்த்தது. பாஸ்டனில் சர்ச்சில் 1928இல் இச்சிகிச்சையைச் செய்தார்.

சிகிச்சை பலித்ததா என்பதை அந்நாளில் எங்ஙனம் அறிந்தார்கள்? வயிற்றின் சுற்றளவையும் உடல் எடையையும் அளந்தார்கள். சிறுநீர் பெருகுகிறதா என்று பார்த்தார்கள். கை ரத்தக் குழாயில் ஊசி செலுத்தி அழுத்தத்தைக் குறித்தார்கள். இவை பொய்யான அடையாளங்கள் அல்ல; அவற்றைக் கொண்டே அவ்வைத்தியர்கள் எத்தனையோ உயிர்களைக் காத்தார்கள். ஆயினும் சில மாதங்கள் சென்று வீக்கம் திரும்பினால், வெட்டாமல் விட்ட உறைத்துண்டு காரணமா, நெடுநாள் நெருக்குண்டு மெலிந்த தசை காரணமா என்று அவற்றால் பிரித்தறிய இயலவில்லை.

அதற்கு வழி திறந்தது கப்பல் கட்டும் தொழிலின் பக்கத்திலிருந்து என்பது வைத்திய சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான செய்தி. ஸ்வீடனில், உலோகத்தில் மறைந்த விரிசலைக் கேளா ஒலியால் கண்டறியும் கருவியொன்று மால்மோ நகரத்துக் கப்பல் தளத்தில் இருக்க, லுண்ட் சர்வகலாசாலையின் பௌதிக அறிஞர் ஹெர்ட்ஸ் அதனைத் தம் மார்பின்மீதே வைத்துச் சோதித்துப் பார்த்தார். பின்னர் அவரும் இருதய வைத்தியர் எட்லரும், ஸீமென்ஸ் கம்பெனியிடம் இரவல் பெற்ற கருவியைக் கொண்டு 1953 அக்டோபர் 29ஆம் தேதி துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள்.

எதிரொலி அசைவைக் காட்டிற்று. ரத்தம் பாயும் வேகத்தைக் காட்ட டாப்ளர் முறை வரவேண்டியிருந்தது. 1989இல் லிவ் ஹாட்லேயும் அவருடைய துணைவர்களும் இவ்வியாதிக்குரிய தனி லக்ஷணத்தை எடுத்துக் காட்டினார்கள்: மூச்சை உள்ளே இழுக்கும்போது இடது அறைக்குச் செல்லும் ரத்தத்தின் வேகம் குறைகிறது, மூச்சை விடும்போது கூடுகிறது, அறைகளின் நடுச்சுவரும் அதற்கிசைய இங்குமங்கும் சாய்கிறது. உறை நீங்கியபின், எக்கோ என்று வழங்கும் இவ்வெதிரொலிச் சோதனையில் வைத்தியர் முதலில் தேடுவது இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிட்டதா, விம்மி நின்ற பெருஞ்சிரை சுருங்கிற்றா என்பதையே.

சிலருக்கு உடனே அடங்குகிறது; சிலருக்கு மாதக்கணக்கில் தாமதித்து அடங்குகிறது; சிலருக்கு அடங்குவதேயில்லை. 1999இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையார் சிகிச்சைக்குப் பின் தம் நோயாளிகளை எக்கோவால் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டபோது, இருதயம் நிறையும் முறை சீர்படாமலே இருந்தவர்கள், பெரும்பாலும் கத்தி படுவதற்கு முன்பே நெடுங்காலம் உபாதைகளைச் சுமந்திருந்தவர்கள் என்பது தெரியவந்தது.