பல அலைவாங்கி ஏற்பு

பல அலைவாங்கி ஏற்பு என்பது, ஒரே குறிப்பலையை ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களால், அதாவது அலைவாங்கிகளால், பெற்று ஒன்றிணைக்கும் வானொலித் தொடர்பு நுட்பம் ஆகும். இதனால் அனுப்பும் திறனையோ அலைப்பட்டையின் அகலத்தையோ கூட்டாமலேயே செல்பேசித் தடத்தின் கொள்திறன் உயர்கிறது.

மங்கல்

செல்பேசி அலைகள் நேர்வழியில் மட்டும் வந்து சேர்வதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று பாறைக்குன்றுகளில் அமைந்துள்ளது. இத்தகைய நிலப்பரப்பில் ஒரு குன்று நேர்வழியை மறைத்தாலும், பிற பாறைச்சரிவுகளிலும் கட்டடங்களிலும் பட்டுத் தெறித்த அலைகள் வந்து சேரும். 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் அலை ஏறத்தாழ 1 மைக்ரோநொடி பிந்தி வரும்.

இவ்வலைகளின் முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் குறிப்பலை வலுப்பெறும். முகடும் அகடும் சேர்ந்தால் தேயும். இத்தேய்வு மங்கல் எனப்படுகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. ஆதலால், ஒரு சாணுக்கும் குறைவான இடப்பெயர்ச்சியே குறிப்பலையின் வலுவை மாற்றிவிடும்.

ஓர் அலைவாங்கி ஆழ்ந்த மங்கலில் சிக்கும் வாய்ப்பு 10-இல் 1 என்க. ஒன்றையொன்று சாராத இரு அலைவாங்கிகளும் ஒரே நேரத்தில் சிக்கும் வாய்ப்பு 100-இல் 1. நான்குக்கு 10,000-இல் 1 மட்டுமே.

இணைக்கும் முறைகள்

* தெரிவு முறை: வலுவான குறிப்பலை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும்.
* சம எடை முறை: அலைகளின் கட்டங்கள் ஒத்திசைக்கப்பட்டு, சம எடையுடன் கூட்டப்படும்.
* பெரும விகித முறை: கட்டங்களை ஒத்திசைத்தபின், வலுவானதற்கு மிகுந்த எடையும் நலிந்ததற்குக் குறைந்த எடையும் தந்து கூட்டப்படும். குறிப்பலை-இரைச்சல் விகிதத்தை இம்முறையே பெருமமாக்குகிறது.

கொள்திறன்

கிளாட் ஷானன் 1948-இல் நிறுவியபடி, தடத்தின் கொள்திறன் குறிப்பலை-இரைச்சல் விகிதத்துடன் 1-ஐக் கூட்டி, அதன் 2-அடிமான மடக்கையைப் பட்டையகலத்தால் பெருக்கக் கிடைப்பதாகும். அவ்விகிதம் 15 எனில், ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 4 பிட்டுகளை அனுப்பலாம். சம வலுவுள்ள இரு அலைவாங்கிகளைப் பெரும விகித முறையில் இணைத்தால் விகிதம் 30 ஆகும், கொள்திறன் 4.95 பிட்டாக உயரும். நான்கெனில் 5.93 பிட். அதாவது, அலைவாங்கிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஏறத்தாழ 1 பிட் மட்டுமே கூடுகிறது. எனவே இந்நுட்பத்தின் பெரும்பயன் உச்ச வேகத்தில் அன்று, மங்கல் நேரங்களிலும் தொடர்பு அறுபடாமல் காப்பதிலேயே உள்ளது.

பயன்பாடு

மின்கலத்தால் இயங்கும் செல்பேசி குறைந்த திறனிலேயே அலைபரப்ப இயலும். ஆகவே, அதன் நலிந்த குறிப்பலையைப் பெறும் கோபுரங்களில் இந்நுட்பம் முதலில் பரவலாயிற்று. நான்காம் தலைமுறைச் செல்பேசிகளிலும் பொதுவாக இரு ஏற்பு அலைவாங்கிகள் உள்ளன.

இருமுனைகளிலும் பல அலைவாங்கிகள்

அனுப்பும் முனையிலும் பல அலைவாங்கிகளை வைத்தால், ஒரே அலைப்பட்டையில் பல தகவல் ஓடைகளை ஒருங்கே அனுப்பலாம். பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் இணைந்து இம்முறைக்கு 1994-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பட்டது. தெறிப்புகள் மிகுந்த சூழலில் இம்முறையின் கொள்திறன், இருமுனைகளில் குறைவாக உள்ள அலைவாங்கிகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் வளர்கிறது. மங்கலுக்குக் காரணமான பல்வழித் தெறிப்பே இங்கு கொள்திறனுக்கு அடிப்படையாகிறது.