இலை ஏன் நீலமாச்சு? பழவேற்காடும் ஒரு துணி மரமும்

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல, நம்ம சோழமண்டலக் கரையில செஞ்ச பழைய விரிப்புகள் இருக்கு. பாலம்போர்னு சொல்வாங்க. சின்னக் குன்று, அதுமேல வளைஞ்சு நெளிஞ்சு ஒரு மரம், ஒரே மரத்துல விதவிதமான பூ. இலைகளைப் பாருங்க, பலதும் நீலம். ஆனா வரைஞ்சவர் பச்சையாத்தான் வரைஞ்சார்!

எப்படின்னு புரிய, வேலை நடந்த வரிசை தெரியணும். முதல்ல துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைப்பாங்க. பால் கொழுப்பு இருக்கிறதால வண்ணம் கண்டபடி பரவாது. இரும்பும் வெல்லமும் புளிக்கவெச்ச தண்ணி கடுக்காய்மேல பட்டா கறுப்புக் கோடு. சிவப்பு வேணுங்கிற இடத்துல படிகாரத் தண்ணி. வரையும்போது கண்ணுக்கே சரியா தெரியாது. சாயவேர் போட்டுக் கொதிக்கவெச்சா, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அப்புறம் நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில முக்குவாங்க. கடைசியா, நீல இலைமேல கையால மஞ்சள். பச்சை ரெடி.

நான் கோட் எழுதுறவன். எனக்கு இது போட்டோஷாப் லேயர் மாதிரிதான் தெரியுது. ஆனா இங்க அண்டூ கிடையாது. சிவப்பும் நீலமும் நூலைப் பிடிச்சுக்கிச்சு. மேல் லேயர் மஞ்சள்தான் வெளிச்சத்துல மங்கிப்போச்சு. அடியில இருந்த நீலம் வெளிய வந்துடுச்சு.

சரி, பழவேற்காடு எங்க வருது? இன்னைக்கு இறாலும் நண்டும் வந்து இறங்குற இந்த ஏரிக்கரையில, டச்சுக்காரங்க 1613-ல கெல்ட்ரியா கோட்டை கட்டினாங்க. 1690 வரை இந்தக் கரையில அவங்க தலைமையிடம் இதுதான். இந்தோனேசியத் தீவுகள்ல கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, நம்ம துணிதான் காசு மாதிரி. பிறகு ஐரோப்பாவுக்கே இந்தத் துணிமேல பைத்தியம் பிடிச்சுது. உள்ளூர் நெசவாளர்கள் கொதிச்சாங்க. பிரான்ஸ் 1686-லயும், இங்கிலாந்து 1701-லயும் தடை போட்டுச்சு.

துணி போன கடல்வழியிலேயே இன்னொரு சரக்கும் போச்சு: மனுஷங்க. 17-ஆம் நூற்றாண்டுல, குறிப்பா பஞ்ச காலத்துல, அடிமைகளா வாங்கப்பட்டவங்களைப் பழவேற்காட்டுல இருந்து பட்டாவியாவுக்குக் கப்பல்ல அனுப்பினாங்க. அழகான மரத்தைப் பத்திப் பேசுறப்ப, இதை விட்டுட்டுப் பேச எனக்கு மனசு வரல.

பழவேற்காடு போனீங்கன்னா டச்சுக் கல்லறையைப் பாருங்க. கல்லுல செதுக்கின பேர்கள் இன்னும் இருக்கு. அந்த மரங்களை வரைஞ்சவங்க துணியில பேர் போடல. கப்பல்ல ஏத்தப்பட்டவங்களுக்கு இங்க ஒரு கல்லும் இல்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.