கான்டர்பரிக் குதிரை

ஊர்ப் பெயர் சரக்கின்மேல் ஒட்டிக்கொள்வது நமக்குப் பழகிய சங்கதி. திண்டுக்கல் பூட்டு என்கிறோம்; பத்தமடைப் பாய் என்கிறோம். ஆனால், குதிரை ஓடுகிற தினுசுக்கே ஓர் ஊரின் பெயர் வாய்த்த விந்தையை நான் ஆங்கிலத்தில்தான் கண்டேன்.

'கான்டர்' என்பது அந்தச் சொல். ஆளைக் குலுக்கி எடுக்கும் 'டிராட்' ஓட்டத்துக்கும் நாலுகால் பாய்ச்சலுக்கும் இடைப்பட்டது அது. குளம்புகள் மூன்று தட்டாக விழும். பிறகு ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும். ஏறியிருப்பவருக்குத் தொட்டிலில் ஆடும் சுகம்.

இத்தனை சுகமான சொல்லின் வேர் ஒரு கொலையில் இருக்கிறது!

இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, தம் ஆப்த நண்பரான தாமஸ் பெக்கெட்டை 1162-இல் கான்டர்பரியின் தலைமை மதகுரு ஆக்கினார். குற்றம் செய்த குருமார்களை அரசன் தண்டிப்பதா, திருச்சபை தண்டிப்பதா என்ற வழக்கில் நட்பு பகையாயிற்று. 1170 டிசம்பர் 29 அன்று, தேவாலயத்துக்குள்ளேயே நான்கு வீரர்கள் பெக்கெட்டை வெட்டிச் சாய்த்தார்கள். 1173-இல் அவர் புனிதரானார். மறு வருஷம், அதே ஹென்றி வெறுங்காலுடன் நடந்து வந்து, அந்தச் சமாதியின் முன் சவுக்கடி பட்டார்.

பிறகென்ன! ஜனங்கள் திரண்டார்கள். லண்டனிலிருந்து சுமார் 60 மைல். சாசர் என்ற மகாகவி படைத்த யாத்ரீகர்களைப் போல, கதை பேசிக்கொண்டே போகிறவர்களுக்கு அவசரம் ஏது? அவர்கள் குதிரையை விட்ட அந்த இளம் ஓட்டம்தான் 'கான்டர்பரி ஓட்டம்' என்று பெயர் பெற்றதாக அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள்.

என்னைச் சிந்திக்க வைப்பது காலக் கணக்கு. 1538-இல் எட்டாம் ஹென்றி அந்தச் சமாதியை இடித்துத் தள்ளினார்; புத்தகங்களிலிருந்தும் பெக்கெட்டின் பெயரை அழிக்கச் சொன்னார். யாத்திரை நின்றது. ஆனால் 'கான்டர்பரி ஓட்டம்' என்ற வழக்கு ஏட்டில் தென்படுவதோ அதற்குப் பின், 17-ஆம் நூற்றாண்டில்தான்! அடுத்த நூற்றாண்டில் அது 'கான்டர்' என்று குறுகிற்று.

அரசாணை தேவாலயத்துக்குள் நுழைந்தது. புத்தக அலமாரிக்குள் நுழைந்தது. குதிரை லாயத்துக்குள் நுழைய அதற்குத் தோன்றவில்லை. புனிதரின் பெயர் அச்சொல்லில் இல்லைதான். ஆனால் அவரைத் தேடிப் போன பாதை அதில் இருக்கிறது. கல்லில் கட்டியதைக் கடப்பாறையால் இடிக்கலாம். ஜனங்களின் நாக்கில் ஏறிவிட்டதை எந்தக் கடப்பாறையால் இடிப்பது?