ஏட்டிலிருந்து பைட்டுக்கு – 7: ‘ஆ’வன்னா எங்கே போனது?

ஆழ்வார்திருநகரியில் உ.வே.சாமிநாதையர் மனம் சோர்ந்து நின்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். பத்துப்பாட்டு தேடி வந்தவர், லட்சுமண கவிராயர் வீட்டுச் சுவடிக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தும் பயனில்லை. நம்மாழ்வாரிடம் முறையிட்டார். இரவில் கவிராயர் ஒரு சுவடியோடு வந்தார். உறவினர் தேவபிரான் கவிராயர் வீட்டில் இருந்ததாம். நிலவொளியில் பிரித்தால் முல்லைப்பாட்டு! 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது.

ஏடு கிடைத்தது சரி, படித்தது எப்படி? ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே வடிவம். எழுதியவர் விட்டதைப் படிப்பவரின் தமிழறிவு நிரப்பியது. எழுத்தைக் கணினிக்குள் கொண்டுபோனபோது அந்த வசதி போய்விட்டது.

‘ஆழ்வார்திருநகரி’யின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘ஆ’வின் எண் 2950. ஒரு பைட்டில் 255-க்கு மேல் அடங்காது. எனவே இரண்டு பைட்: 11, 134. பதினொன்றை 256-ஆல் பெருக்கி 134-ஐக் கூட்டினால் 2950 வந்துவிடும். ஆனால், இன்டெல் கணினியில் ஓடும் சி நிரல் இந்த எண்ணை அப்படியே கோப்பில் கொட்டினால் சிறிய பகுதி முன்னே போகும்: 134, 11. அதே கோப்பை ஜாவாவின் டேட்டா இன்புட் ஸ்ட்ரீம் வழியாகப் படித்தால், முதலில் வருவதே பெரிய பகுதி என்று அது எடுத்துக்கொள்ளும். கிடைப்பது 34315. யூனிகோடில் அது ஒரு சீன எழுத்து! கோப்பு கெடவில்லை, ஒரு பிட்கூடத் தொலையவில்லை, பிழைச் செய்தியும் வராது.

எந்தப் பைட் முன்னே என்ற இந்தச் சண்டைக்கு 1980 ஏப்ரல் முதல் நாள் பெயர் சூட்டினார் டேனி கோஹன். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவரின் பயணக் கதையில் அடித்துக்கொள்வார்களே, அந்தக் கட்சிப் பெயர்களையே எடுத்து வைத்தார்: பிக் எண்டியன், லிட்டில் எண்டியன். சன் நிறுவனத்தின் எக்ஸ்.டி.ஆர். முறை 1987-இல் பொதுவெளிக்கு வந்தது: எந்தக் கணினியானாலும் அனுப்பும்போது பெரிய பகுதி முன்னே. யூனிகோடு வேறு வழி கண்டது. கோப்பின் தலையில் 65279 என்ற எண்ணை வைக்கலாம். அது 65534 என்று தெரிந்தால் வரிசை தலைகீழ். அந்த எண்ணில் எழுத்தே கிடையாது.

ஆக, எழுதும் நிரலும் படிக்கும் நிரலும் முன்கூட்டியே பேசி முடித்தாக வேண்டும். அந்த உடன்பாட்டை எழுதிவைக்காத பைனரி கோப்பு பூட்டிய பெட்டிதான்.

பிணக்கு தீர்ந்தது என்று நினைக்கும்போதே ஃபோர்ட்ரான் குறுக்கே வந்தது. எண்ணுக்கு 4 பைட் வீதம் 100 எண்களை ஒரே பதிவாக எழுதச் சொல்கிறோம். 400 பைட் இருக்க வேண்டும். ஜி-ஃபோர்ட்ரான் எழுதிய கோப்பில் 408. யாரும் கேட்காத அந்த 8 பைட்டை உள்ளே வைத்தது யார், எதற்காக?

அடுத்த வாரம் கோப்பைப் பிரித்தே பார்த்துவிடுவோம்.