ஒரு கதிர், ஒரு வரிசை

டெபாசிட் திரட்டியதில் எந்தக் கிளை முதலிடம் என்று வங்கிகளில் பட்டியல் போடுவோம். கடைவீதிக் கிளையையும் குக்கிராமக் கிளையையும் ஒரே தராசில் நிறுத்தால் ஜெயிப்பது மேனேஜரா, இடமா? இதே சிக்கல் மக்காச்சோள வயலிலும் இருந்தது.

1896, அமெரிக்காவின் இல்லினாய். வேதியியல் நிபுணர் சிரில் ஹாப்கின்ஸ் 163 கதிர்களில் எண்ணெயும் புரதமும் எவ்வளவு என்று சோதித்தார். அதிகம் காட்டிய கதிர்களைப் பிரித்தெடுத்து, ஒரு கதிரின் விதைக்கு ஒரு வரிசை என்று நட்டார். தாய் தெரியும், தகப்பன் காற்றில் வந்த மகரந்தம். அந்த வரிசைதான் ஒரு குடும்பம். வருடா வருடம் இப்படியே தேர்ந்தெடுத்ததில், சுமார் 4.7 சதவீதமாக இருந்த எண்ணெய் நூறு தலைமுறையில் 20 சதவீதத்தைத் தாண்டியது.

சரி, விளைச்சலையும் இப்படியே கூட்டலாமே என்று கிளம்பியவர்களுக்கு ஏமாற்றம்தான். முக்கிய காரணம் மண். வளமான மூலையில் விழுந்த சுமாரான குடும்பம் பரிசு வாங்கியது. மேட்டில் விழுந்த நல்ல குடும்பம் கழிந்தது.

வழி காட்டியவர், 1919-ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர். ஒரே ரகத்தைப் பல துண்டு நிலங்களில் போடு, எந்தத் துண்டு எதற்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய் என்றார். 1964-ல் லோன்க்விஸ்ட் கதிர்-வரிசை முறையையே திருத்தினார்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல இடங்களில் வரிசை, பிறகு சராசரி பார்த்துத் தேர்வு.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளை ஊரிலிருக்கும் அண்ணன் பிள்ளைகளோடு ஒப்பிடுகிறோமே, அப்போதும் வரிசை எந்த மண்ணில் விழுந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.