ஜெய்பீம்: ஒரு வணக்கத்தின் வரலாறு

சிவகிரிப் பக்கம் நாங்கள் சந்திக்கும் இளைஞர்கள் பலர் போனை எடுத்ததும் "ஜெய்பீம்" என்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "2021ல வந்த சூர்யா படத்துக்கு முன்னாடியே இந்த வார்த்தை இருந்துச்சா?" இருந்தது தோழர்களே. அதற்கு 80 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

முதலில் நம் ஊர்க் கதை. ஜமீன் ஆண்ட மண் இது. வயலில் கூலிக்கு நின்ற நம் தாத்தாக்கள், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "கும்பிடுறேன் சாமி" என்று சொல்ல வேண்டியிருந்தது. பதிலுக்கு யாரும் அவர்களைக் கும்பிட்டதில்லை. ஆதிக்க சாதி வீட்டுச் சிறுவன்கூட நம் கிழவரை "ஏலே" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். அதே "ஏலே" நண்பர்களுக்குள் பாசம். ஏனென்றால் அங்கே யாரும் யாரையும் சொல்லலாம், திருப்பியும் சொல்லலாம். திருப்பிச் சொல்ல முடியாத இடத்தில்தான் அந்தச் சொல் இழிவாகிறது.

மகாராஷ்டிரத்திலும் இதே நிலைதான். மகார் மக்கள் ஆதிக்க சாதியினரைக் கண்டால் "ஜோஹார்" சொல்லிக் குனிய வேண்டும். அதற்கு மாற்றாக "ஜெய்பீம்" என்ற வணக்கத்தைப் பரப்பியவர் பாபு ஹர்தாஸ். 1904ல் நாக்பூரை அடுத்த காம்ப்டியில் பிறந்தவர். பீடித் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர். பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகளான நமக்கு அவர் தூரத்து ஆள் அல்ல. 1937 தேர்தலில் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி சார்பில் மத்திய மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். 1939 ஜனவரி 12ல், 35 வயதில் மறைந்தார்.

பீம்ராவ் என்ற அம்பேத்கரின் பெயரிலிருந்து வந்தது பீம். ஒருவர் "ஜெய்பீம்" என்றால் மற்றவர் "பல்பீம்" என்று பதில் சொல்ல வேண்டும் என்பதே ஹர்தாஸ் வகுத்த முறை. முஸ்லிம்களின் சலாமும் பதில் சலாமும் அவரை ஈர்த்ததாகச் சொல்வார்கள். காலப்போக்கில் பல்பீம் வழக்கொழிந்து, ஜெய்பீமுக்கு ஜெய்பீமே பதிலாகிவிட்டது. எந்தச் சொல் போகிறதோ அதே சொல் திரும்பி வருகிறது. நம் தாத்தாக்களுக்குக் கிடைக்காதது இதுதான்.

மரியாதை கேட்பதற்கு நம் தென்மாவட்டங்களில் என்ன விலை என்பதும் தெரியும். 1957 செப்டம்பர் 10ல் முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் சமமாக அமர்ந்து பேசிய இம்மானுவேல் சேகரன், மறுநாளே பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இன்றைய நிலை என்ன? பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே உடன் படித்தவர்களால் வெட்டப்பட்டான். அதன் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழு, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த ஒருநபர், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு. 'ஜெய் பீம்' படத்தின் மூலமான வழக்கை நடத்திய அதே வழக்கறிஞர்.

எனவே நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் தெருப் பையன்களுக்குள் மட்டும் சுற்றிவரும் ஜெய்பீமுக்கும் கையில் கட்டிய கயிற்றுக்கும் என்ன வித்தியாசம்? தெருவைக் கூட்ட வரும் அருந்ததிய அக்காவுக்கு நாம் முதலில் சொல்கிறோமா? கூடப் படிக்கும் பெண் சொன்னால் சிரிக்காமல் திருப்பிச் சொல்கிறோமா? வேறு சாதி நண்பன் சொன்னால் சந்தேகப்படாமல் ஏற்கிறோமா?

சாதி கேட்காமல் சொல்வோம். யார் சொன்னாலும் திருப்பிச் சொல்வோம்.

ஜெய்பீம்!